பாத்ரூமில் பாடியவள்

வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் குழாயைத் திறந்து பார்ப்பார்கள். காவேரித் தண்ணீரா, போர் தண்ணீரா என்று கேட்பார்கள். வண்டி நிறுத்த இடம் இருக்கிறதா என்பார்கள். நோரா வந்த அன்று இதில் ஒன்றையும் கேட்கவில்லை. நேராக மாடிக்குப் போனாள், பாத்ரூம் கதவைத் திறந்தாள், சுவரில் காதை வைத்துக்கொண்டு நின்றாள்.

நல்ல பகல் வேளைதான். ஆனால் விவேக் நகரில் எங்கள் சந்து ரொம்பக் குறுகல், அந்த மாடிப் போர்ஷனில் எப்போதும் இருட்டு. பழைய சுண்ணாம்புச் சுவர் வேறு. மழைக்காலத்தில் நனைந்த சாக்கு மாதிரி ஒரு வாடை அடிக்கும். வருகிறவர்கள் எல்லாம் மூக்கைச் சுளிப்பார்கள். இந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டு அந்த வாடையை ஆசையாக உள்ளே இழுத்தாள்.

"என்னம்மா, செவுத்துல யாராவது பேசறாங்களா?" என்றேன்.

"பாடறாங்க ஆன்ட்டி," என்றாள்.

அப்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அன்னாவைத் தேடி வந்தவள்.

அன்னா முன்பு அந்த மாடியில் குடியிருந்தவள். ராக் பாட்டு பாடுகிற பெண். ராக் என்றால் கிட்டாரைப் போட்டு அடித்து, தொண்டை கிழியத் தமிழில் கத்துவது. ஜன்னலில் மெத்தையைச் சாத்தி வைத்துக்கொண்டு, பாத்ரூமுக்குள் உட்கார்ந்து ஒரு முழு ஆல்பத்தையும் அங்கேயே பதிவு செய்தாள். 'ஈரத் தீக்குச்சி' என்று அதற்குப் பெயர். யாரோடு இப்படிச் சண்டை போடுகிறாள் என்று நான்கூட இரண்டு தடவை கதவைத் தட்டியிருக்கிறேன். அந்த ஆல்பம் வெளிவந்த கொஞ்ச நாளில் வீட்டைக் காலி செய்துகொண்டு போனாள். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

நோரா கோலார் தங்கவயல் பெண். எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்பெனி வேலை. காபி கொடுத்தேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தாள்.

"மொதல் வாட்டி கேட்டப்ப புடிக்கவே இல்ல ஆன்ட்டி. பல்லு வலி வந்தவ மாதிரி பாடறாளேன்னு ஆஃப் பண்ணிட்டேன். அப்புறம் ஒரு நாள் சில்க் போர்டு சிக்னல்ல மழை. கம்பெனி பஸ் நகரவே இல்ல. போன்ல அதுவா ஓட ஆரம்பிச்சிது. என்னை யாரோ பேர் சொல்லிக் கூப்ட்ட மாதிரி இருந்துச்சு. அழுதுட்டேன். பக்கத்துல இருந்தவன் பயந்துபோயி தண்ணி பாட்டில் குடுத்தான்."

"சரி, அதுக்கு வீட்டையே மாத்திக்கிட்டு வருவியா?"

"மூணாவது பாட்டுல ஒரு குக்கர் விசில் வரும். அது உங்களுதா?"

இயர்போனை என் காதில் மாட்டிவிட்டாள். என் குக்கர்தான். மூச்சு வாங்கி மூச்சு வாங்கித்தான் அது ஊதும். விசில் அடங்கியதும் அன்னா மெதுவாகச் சிரிக்கிறாள், அப்புறம் பாட்டைத் தொடர்கிறாள். எனக்கே என்னவோ செய்தது.

"அவ இப்ப எங்க இருக்கா, தெரியுமா?" என்று கேட்டேன்.

நோராவின் முகம் வாடியது. "அவங்க செத்துட்டாங்க ஆன்ட்டி. ஒரு பாட்டு இல்ல, ஒரு ஷோ இல்ல. அவங்க பாட்டு கேக்கறவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

"யாராவது கண்ணால பாத்தாங்களா? நல்லா விசாரிச்சியா?"

"எல்லாரும் சொல்றாங்களே."

விசாரிம்மா, அவ அம்மா வீடு அத்திபெலே பக்கம்னு சொல்லியிருக்கா என்றேன். சரி என்று தலையாட்டினாள். விசாரிக்கவில்லை. செத்துப்போனவள் என்று நினைத்துக்கொண்டு கேட்டால் பாட்டு இன்னும் இனிக்கும்போல.

நவம்பர் மாதம் வந்தது. எங்கள் கத்தோலிக்க ஜனங்களுக்கு அது செத்தவர்களின் மாதம். கல்லறைக்குப் போய்ப் புல் பிடுங்கி, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுவோம். போன உயிர்களின் பேரைக் கோயிலில் கொடுத்தால் சாமியார் பூசையில் வாசித்து மன்றாடுவார். நோராவும் ஒரு பெயர் கொடுத்தாள். சாமியார் அதைப் பூசையில் வாசித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

"அன்னாவின் ஆன்ம இளைப்பாற்றிக்காக," என்றார் சாமியார்.

"ம்?" என்றது ஒரு குரல்.

பேர் சொல்லிக் கூப்பிட்டால் தூக்கத்திலிருந்து எழுந்து கேட்போமே, அப்படி.

கடைசி பெஞ்சிலிருந்து வந்தது. திரும்பிப் பார்த்தேன். பெஞ்சு காலி. அணைந்த மெழுகுவர்த்தியின் வாடை மட்டும் திடீரென்று பலமாக அடித்தது. பக்கத்தில் நோரா கைகுவித்து, கண்ணில் தண்ணீரும் வாயில் சிரிப்புமாக நின்றாள். அவளுக்கு எதுவும் கேட்கவில்லை.

அந்த வாரமே ஒரு சாயங்காலம் தூறலில் கேட்டுக்கு வெளியே ஒரு பெண் வந்து நின்றாள். ஒல்லி. கறுப்பு பனியன். கை இரண்டையும் கம்பியில் வைத்திருந்தாள்.

"யாரு வேணும்?"

"ஆன்ட்டி, நான்தான்."

பார்த்தேன். யாரென்று தெரியவில்லை. மூன்று வருஷம் என் தலைக்கு மேலே குடியிருந்தவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அதற்குள் மாடிப் படியில் நோரா இறங்கி வந்தாள். பாதிப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அன்னா," என்றாள்.

உள்ளே கூட்டிவந்து டீ கொடுத்தேன். அவள் பேசினால் ஈரத் துணியை வாயில் அமுக்கிக்கொண்டு பேசுவதுபோல் இருந்தது.

"அத்திபெலேல அம்மாகூடதான் இருக்கேன். பாட்டு வேணாம்னு விட்டுட்டேன், டைலர் கடையைப் பாத்துக்கறேன். நல்லாத்தான் இருந்தேன். போன ஞாயித்துக்கிழமை காஜா போட்டுட்டு இருந்தேன், யாரோ கூப்ட்டாங்க. 'ம்?'னேன்."

கோயிலில் காலியாக இருந்த கடைசி பெஞ்சு என் நினைவுக்கு வந்தது.

"அன்னிலேர்ந்து அம்மா எனக்குத் தட்டு வைக்க மறக்கறாங்க. பஸ்ல கண்டக்டர் டிக்கெட் கேக்கல. கையக் காட்டினா ஆட்டோ நிக்கல."

"இந்த ஊர்ல ஆட்டோ யாருக்கும்மா நிக்குது," என்றேன், என் பயத்தை மறைக்க.

அவள் சிரிக்கவில்லை. "நேத்து அம்மா என்னைப் பாத்து, யாரும்மா நீ, என்ன தைக்கணும்னு கேட்டாங்க." நோரா பக்கம் திரும்பினாள். "எனக்கு யாரு பூசை வெச்சது?"

நோரா முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள்.

"உயிரோட இருக்கறவளைச் செத்தவங்களோட சேத்து வாசிச்சிட்டீங்க. ஒவ்வொருத்தரா என்னை மறந்துட்டு வர்றாங்க. மொகம் மொதல்ல போவுது, பேரு கடைசில போவும். அதுக்குள்ள அதே கோயில்ல, அன்னா உயிரோட இருக்கா, அவ சுகத்துக்காகன்னு யாராவது ஒருத்தர் பேர் குடுத்தாப் போதும். நானே போயி நின்னேன். பேர் எழுதற உபதேசியார் தலையே தூக்கல."

"ஞாயித்துக்கிழமை வெச்சுடறேன்," என்று அழுதாள் நோரா. "சத்தியமா. நான் உங்களை எவ்வளவு..."

"என்னையா, பாட்டையா?" என்று கேட்டாள் அன்னா.

நோரா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். இரண்டு பேரும் மாடிக்குப் போனார்கள். டம்ளரை எடுத்தேன். கடைசிச் சொட்டு வரை அவள் குடித்ததைப் பார்த்தவள் நான்.

டம்ளர் நிறைய டீ இருந்தது.

மறுநாளிலிருந்து மாடியில் பாட்டு. நோரா வேலைக்கு லீவு போட்டுவிட்டாள். பாத்ரூமிலிருந்து அந்தக் குரல் சுவர் வழியே இறங்கி என் சமையலறைக்கு வரும். அப்படி ஒரு பாட்டை நான் கேட்டதில்லை. கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிடுவேன், அடியில் பிடித்துக் கருகின பிறகுதான் நினைவு வரும். நாளுக்கு நாள் குரல் மெலிந்தது. மெலிய மெலிய இன்னும் அழகாயிற்று.

வெள்ளிக்கிழமை நோரா கீழே வந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது, ஆனால் முகத்தில் கல்யாணக் களை.

"ரெண்டாவது ஆல்பம் ஆன்ட்டி. மொத்தமும் எனக்கே எனக்கு."

"பூசைக்குச் சொல்லிட்டியா?"

"சொல்றேன்."

"எப்ப சொல்லுவ? நாளன்னிக்கு ஞாயிறு."

"சும்மா டென்ஷன் ஆகாதீங்க ஆன்ட்டி. சொல்றேன்னேன் இல்ல?"

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தேன். நோரா வரவில்லை. சுகத்துக்காக வாசித்த பேர்களில் அன்னா இல்லை. பூசை முடிந்ததும் நேராக மாடி ஏறினேன். நோரா கட்டிலில் இயர்போனோடு கிடந்தாள். அதைப் பிடுங்கினேன்.

"மனுஷியா நீ? ஒரு பேர் குடுக்கறதுக்கு என்னடி கஷ்டம்?"

நிதானமாக என்னைப் பார்த்தாள். "உயிரோட இருந்தப்ப அவ என்ன பண்ணா? காஜா போட்டா. பட்டன் தைச்சா. பேர் குடுத்தேன்னா திரும்ப அத்திபெலேக்குப் போயி அதையேதான் பண்ணுவா. இப்பதான் ஆன்ட்டி பாடறா."

"அவளுக்கு அம்மா இருக்காடி."

"அம்மாவுக்குத்தான் மறந்துபோச்சே. அப்புறம் யாருக்கு நஷ்டம்?"

பாத்ரூம் பக்கமிருந்து ஒரு சத்தம்.

உள்ளங்கையால் கதவைத் தட்டுகிற சத்தம். மெதுவாக.

வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

"எக்கோ நல்லா வரும்னு சாத்தி வெச்சேன்," என்றாள் நோரா. எழுந்திருக்கவில்லை.

தட்டல் நின்றது. மறுபடி ஆரம்பித்தது. இந்தத் தடவை கீழே, தரையோரம்.

தாழ்ப்பாளைத் தொட்டேன். ஐஸ் மாதிரி இருந்தது. இழுத்தேன்.

உள்ளே யாரும் இல்லை. தரை காய்ந்து கிடந்தது. பக்கெட் கவிழ்ந்திருந்தது. அணைந்த மெழுகுவர்த்தி வாடை முகத்தில் வந்து மோதியது. என் புடவைத் தலைப்பை ஒதுக்கிவிட்டு ஏதோ ஒன்று என்னைக் கடந்து வெளியே போனது. கையா, மூச்சா, சொல்லத் தெரியவில்லை.

நோரா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள்.

"கதவைச் சாத்துங்க ஆன்ட்டி. அவ போயிடுவா."

மறுநாள் காலை நானே கோயிலுக்குப் போனேன். வழியெல்லாம் அந்தப் பேரை வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனேன். ஆட்டோக்காரர் கன்னடத்தில், ஜபமா அம்மா என்றுகூடக் கேட்டார். கோயில் ஆபீசில் உபதேசியார் யூஜின் இருந்தார்.

"வாங்க ஆன்ட்டி. யாருக்கு பூசை?"

"ஒரு பொண்ணுக்கு. உயிரோட இருக்கா. அவ சுகத்துக்காக."

"பேரு?"

வாயைத் திறந்தேன்.

நாக்கு இருந்தது. பேர் இல்லை.

இதுவரை அன்னா, அன்னா என்று எழுதிக்கொண்டு வருகிறேனே, அது என் செத்துப்போன அத்தையின் பெயர். கதை சொல்ல ஏதாவது ஒரு பெயர் வேண்டுமே என்று வைத்தது. அந்தப் பெண்ணின் பெயர் வேறு. நோராவுக்கு போன் போட்டுக் கேட்டேன். "எதுக்கு ஆன்ட்டி?" என்றாள், வைத்துவிட்டாள். அந்த ஆல்பத்தை போனில் எடுத்துப் பார்த்தேன். பெயர் அங்கே இருக்கிறது, எழுத்துக்கூட்டிப் படிக்கிறேன், கண்ணை எடுத்ததும் போய்விடுகிறது. யூஜினிடம் போனை நீட்டினேன். பார்த்தார். "எங்க ஆன்ட்டி, ஒண்ணும் இல்லையே?" என்றார்.

அப்போது என் இடது காதருகே யாரோ வந்து நின்றார்கள்.

சில்லென்று மூச்சு பட்டது. உதடு அசைவது தெரிந்தது. ஒரே அசைவு, திரும்பத் திரும்ப. மூடி, திறந்து, மூடி. பள்ளிக்கூடத்தில் டீச்சருக்குத் தெரியாமல் பதில் சொல்லிக் கொடுப்பார்களே, அந்த அவசரம். அந்தக் கெஞ்சல்.

சத்தம் மட்டும் இல்லை.

"கொஞ்சம் சத்தமா சொல்லும்மா," என்றேன் மெதுவாக.

"நான் ஒண்ணும் சொல்லலையே ஆன்ட்டி," என்றார் யூஜின். பேனாவைக் கீழே வைத்தார். "பேர் இல்லாம எப்படி வாசிக்கறது? ஞாபகம் வந்தா வாங்க."

வீட்டுக்கு வந்துவிட்டேன். மாடியில் நோரா புதுப் பாட்டு ஒன்றுக்குக் கை தட்டிக்கொண்டிருந்தாள். எனக்குப் பாட்டு கேட்கவில்லை.

இதை எழுதும்போதும் என் இடது காது மட்டும் ஈரமாக இருக்கிறது.