கடைசி ஆளுக்குப் பின்னால்

இடுப்பெலும்புக்கு மேலே, மூட்டை உட்கார்ந்து எழுந்த இடம், மூட்டை இன்னும் இறங்காதது போலவே கனத்தது. கீழ்பென்னாத்தூர் மண்டியில் காலையிலிருந்து நூறு நெல் மூட்டை லாரியில் ஏற்றியிருந்தான் கலையரசன். மூட்டைக்கு எழுபத்தைந்து கிலோ. அந்த இடுப்போடுதான் திங்கட்கிழமை சாயங்காலம் அடி அண்ணாமலைக்கு மேற்கே இருக்கிற குன்றில் ஏறி, நாலு மரத்துக்கு ஒன்றாக ஆரஞ்சு ரிப்பன் கட்டிக்கொண்டு போனான். ஞாயிற்றுக்கிழமை மலை ஓட்டம், இருபத்தொரு கிலோமீட்டர். காட்டுக்குள் ஓடுகிறவனுக்கு ரிப்பன்தான் வழி.

ஓடப் போகிறவனே வழியும் கட்ட வேண்டும் என்பது போட்டி நடத்துகிற பிரகாஷ் கண்டுபிடித்த நியாயம். "உனக்குத்தாம்பா காடு தெரியும்" என்று முதுகில் தட்டினான். ஜெயித்தால் வேங்கிக்காலில் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார் வேலை வாங்கித் தருவதாகவும் சொல்லியிருந்தான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் வாயை மூடிக்கொண்டு கட்டினான். இன்னும் பத்து வருடம் மூட்டை தூக்கினால் என்ன ஆகும் என்பதற்கு மண்டி வாசலில் குந்தியிருக்கிற கூன் முதுகுகளைப் பார்த்தால் போதும்.

கடைசி ரிப்பனைக் கட்டிவிட்டுப் போன வழியே திரும்பினான். வெயில் காய்ந்த பாறையின் சூடும், மிதிபட்ட எலுமிச்சைப் புல்லின் வாசனையும், தூரத்தில் கிரிவலப் பாதையிலிருந்து மிதந்து வருகிற ஆட்டோ ஹாரனும் எப்போதும் போலத்தான் இருந்தன. ரிப்பன்தான் இல்லை. நாலு மரம் தள்ளிக் கட்டியதும் இல்லை. அடிவாரம் வரைக்கும் ஒன்றுகூட இல்லை. ஏறும் இடத்தில் ஒரு தட்டைக் கல்லின் மேல் எல்லாம் இருந்தன. அறுத்துப் போட்டிருக்கவில்லை. ஒவ்வொன்றும் இரண்டு விரலில் சுற்றி, நுனியை உள்ளே செருகி, வரிசையாக அடுக்கியிருந்தது. ஒன்றை எடுத்தான். யாருடைய கை வேர்வையோ ஊறி ஈரமாக இருந்தது. முகர்ந்தான். தையல் மெஷின் எண்ணெய்.

"எந்த நாயிடா அது!" என்று குன்றைப் பார்த்துக் கத்தினான். பயப்படுவதைவிடக் கோபப்படுவது அவனுக்குச் சுலபம்.

செவ்வாய்க்கிழமை மண்டி முடிந்ததும் நேரே போய், குன்றடியில் ஆடு மேய்க்கிற உண்ணாமலையின் எதிரில் நின்றான்.

"இன்னாக்கா, ரிப்பன அவுத்து சுருட்டி கல்லு மேல வெச்சது யாரு? உன் மவனா?"

"என் மவன் திருப்பூர்ல பனியன் தைக்கிறான். அங்கேர்ந்து கைய நீட்டி அவுத்தானா?"

"அப்ப ஆடு தின்னுச்சா?"

"தின்ற ஆடு சுருட்டி வெச்சிட்டா போவும்? போடா, பெருசா பஞ்சாயத்துக்கு வந்துட்ட." சொல்லிவிட்டுக் கோலை ஊன்றிக் குன்றைப் பார்த்தாள். குரல் இறங்கியது. "அந்தப் பக்கம் சரியில்லடா. போன வருசம் தையக்கார பாய் வுழுந்து செத்தாரே, அன்னிக்கி விடிய விடிய ஒரு சத்தம். 'தம்பி, தம்பி'னு. காத்து கருப்புன்னு கதவ சாத்திக்கினோம். காலையிலதான் தெரிஞ்சுது, ராத்திரி பூரா உசுரு இருந்திருக்குது. பாவிங்க நாங்க."

"அத உன்ன யாரு கேட்டாங்க?" அவன் போட்ட சத்தத்தில் ஆடுகள் நிமிர்ந்தன. உண்ணாமலை வாயைப் பிளந்துகொண்டு அவனைப் பார்த்தாள்.

போன வருடம் கலையரசன் ஓடவில்லை. ஸ்வீப்பர் வேலை. கடைசியாக வருகிற ஆளுக்குப் பின்னால் வர வேண்டும்; அவனை முந்தக் கூடாது; அவன் தாண்டிய ரிப்பனை அவிழ்த்துச் சுருட்டிக்கொள்ள வேண்டும். அன்றைக்குக் கடைசி ஆள் மஸ்தான். தேரடித் தெருவில் தையல் கடை, ஐம்பத்திரண்டு வயது, சர்க்கரைக்கு நல்லது என்று டாக்டர் சொன்னதால் ஓட வந்தவர். ஒரு ஷூவின் அடி பிய்ந்து தரையில் அடித்துக்கொண்டே வந்தது. நூறடிக்கு ஒரு தரம் உட்கார்ந்தார். மணி நாலு. கீழே புளிசாதப் பொட்டலம் தீர்ந்துகொண்டிருக்கும். காலையிலிருந்து பச்சைத் தண்ணீரில் நின்ற வயிறு கலையரசனுக்கு.

"பசிக்குதுன்றியே, நீ முன்னாடி போ தம்பி. ரிப்பன் இருக்குதில்ல, பாத்துக்கினே வந்துடுறேன்" என்றார் மஸ்தான்.

முந்தினான். முந்தியதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. மறுபடி யார் ஏறுவது என்று, இறங்கும்போதே, மஸ்தான் இனிமேல் வரவேண்டிய வழியின் ரிப்பன்களை ஒவ்வொன்றாக அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டே இறங்கினான். "எல்லாரும் எறங்கிட்டாங்களா?" என்று பிரகாஷ் கேட்டான். "எறங்கிட்டாங்க" என்றான். பட்டியலில் மஸ்தானின் எண்ணுக்கு நேரே டிக் அடித்துவிட்டுப் பொட்டலத்தைப் பிரித்தான்.

மறுநாள் பாறைக்குக் கீழே உடம்பு கிடைத்தது. வழி தவறிவிட்டார் என்றார்கள். வழி எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை.

புதன்கிழமை பயிற்சியில் சத்தம் கேட்டது. ஓடுகிற சத்தமில்லை. நடக்கிற சத்தம். சரக், பட். சரக், பட். அவன் ஏற்றத்தில் மெதுவாக ஓடியபோது இருபதடி பின்னால். இறக்கத்தில் உயிரைக் கொடுத்து ஓடியபோதும் அதே இருபதடி, அதே நிதானமான நடை. நெஞ்சு வெடிக்க நின்றான். திரும்பினான். உன்னிச்செடி அசைந்து நின்றது.

அன்று ராத்திரி முதுகுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே மனைவி அன்புச்செல்வி கேட்டாள். "இன்னாங்க, ரெண்டு மூணு நாளா கொழந்தகிட்டகூட எரிஞ்சு எரிஞ்சு வுழுறீங்க?"

"மூட்ட தூக்கிப் பாரு, தெரியும்."

"நேத்தா தூக்குறீங்க?"

குப்புறப் படுத்துக்கொண்டான். சொன்னால் வேலை போகும். வேலை இன்னும் வரவே இல்லை, ஆனாலும் போய்விடும் போல இருந்தது.

சனிக்கிழமை உச்சி வெயிலில் குன்று வழி முழுவதையும் மறுபடி கட்டினான். இரட்டை முடிச்சு. திரும்பும்போது ஒவ்வொன்றாகப் பார்த்தான். எல்லாம் இருந்தன. சத்தமும் இல்லை. சிரிப்புகூட வந்தது.

ஞாயிறு காலை ஐந்தரைக்குக் கொடி அசைத்தார்கள். கனம் எதற்கு என்று போனை அன்புச்செல்வியிடம் கொடுத்திருந்தான். அவளும் மஞ்சள் கவுன் போட்ட மகள் கவிநிலாவும் முடிவுக்கோட்டில் நின்றார்கள். "அப்பா, பஸ்ட்டு வா!" என்றாள் குழந்தை. மூட்டை தூக்கிய கால் மேட்டில் பொய் சொல்லாது; நாலாவது கிலோமீட்டரிலேயே சென்னைப் பையன்கள் பின்தங்கினார்கள். பத்தாவதில் அவனுக்குப் பின்னால் ஆளே இல்லை.

சரக், பட்.

பாறைகளுக்கு மேல் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மயில் அகவியது. நல்ல வெளிச்சம், நீல வானம், இலை இலையாகத் தெரிகிற காடு. அந்த வெளிச்சத்தில், இருபதடி பின்னால், ஒருவர் அவசரமே இல்லாமல் நடந்து வந்துகொண்டிருந்தார்.

"நான் கட்டித் தூக்கியா வந்திருக்கணும் உன்ன?" ஓடிக்கொண்டே கத்தினான். "எனக்கும் வயிறுதானே! நீயேதானே போன்னு சொன்ன! வாய்யா, முந்து! முந்திப் பாரு!"

சத்தம் நின்றது.

குயில்கூடக் கத்தவில்லை. வளைவில் திரும்பினான்.

சரக், பட். முன்னால்.

எதிர் மரத்தில் ரிப்பன் இல்லை. இரட்டை முடிச்சு அழுத்திய தடம் மட்டும் பட்டையில் இருந்தது. அடுத்த மரத்தில் ஒரு கை. முழங்கைக்கு மேல் இலை மறைத்திருந்தது. விரல்கள் பொறுமையாக முடிச்சை அவிழ்த்தன. இரண்டு விரலில் சுற்றின. நுனியைச் செருகின.

"டேய்!"

வழியை அவன் மறந்தான். போட்டியை மறந்தான். பிடித்து, சட்டையைப் பிடித்து, நாலு அறை விட வேண்டும். அவ்வளவுதான் தலைக்குள் இருந்தது. புதரைக் கிழித்துக்கொண்டு கையைத் துரத்தினான். கை அடுத்த மரத்தில். அதற்கடுத்த மரத்தில். நிதானமாக. இலைக்கு நடுவே தெரிந்த முதுகில் ஈரச் சட்டை. ஆரஞ்சு. அவன் போட்டிருக்கிற அதே ஆரஞ்சு. எட்டிப் பிடித்தான். துணி விரலில் பட்டது.

கீழே தரை இல்லை.

விழுந்த சத்தத்தை அவனே கேட்டான். வலது தொடை. எலும்பு. பாறைக்கும் புதருக்கும் நடுவே ஒரு பள்ளம். கத்தினான். மறுபடி கத்தினான்.

மேலே யாரோ குனிந்து பார்த்தார்கள். வெயிலுக்கு எதிரே முகம் கருப்பாக இருந்தது. பிறகு திரும்பி, கீழே போகும் பக்கமாக ஓட ஆரம்பித்தார்கள். நடை இல்லை. ஓட்டம். அவனுடைய ஓட்டம், இடது தோள் கொஞ்சம் இறங்கிய, மூட்டை தூக்கியவனின் ஓட்டம்.

பள்ளத்தின் ஒரு பக்கம் திறந்திருந்த பாறை இடுக்கில் முழங்கையூன்றித் தலையை நிமிர்த்தினால் தூரத்தில் முடிவுக்கோட்டு மைதானம் தெரிந்தது. விரல் நுனி அளவு மனிதர்கள். கொஞ்ச நேரத்தில் மேளம் அடித்தது. ஒலிபெருக்கியில் பிரகாஷின் குரல் குன்று முழுக்க மோதியது.

"முதல் ஆளா வந்துட்டாரு! நம்ம கீழ்பென்னாத்தூர் கலையரசன்!"

"நான் இங்க இருக்கேன்!" என்று அலறினான். "பிரகாஷு! அன்பு! நான் இங்க!"

மேளம் நிற்கவில்லை. ஆரஞ்சுச் சட்டை ஒன்று கூட்டத்தின் நடுவே கையை உயர்த்தியது. அன்புச்செல்வியின் புடவை நிறம் அதன் பக்கத்தில் போய் நின்றது. மஞ்சள் புள்ளி ஒன்று ஓடி வந்தது. ஆரஞ்சுச் சட்டை குனிந்து அதைத் தூக்கித் தோளில் உட்கார வைத்தது. குழந்தை அழவில்லை. இரண்டு கையாலும் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டது. ஆரஞ்சுச் சட்டை அப்படியே குன்றுப் பக்கம் திரும்பி, இவன் கிடக்கிற இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.

அவன் எண்ணுக்கு நேரே இந்நேரம் டிக் விழுந்திருக்கும். இனி யாரும் தேட மாட்டார்கள்.

கையிலிருந்த கடிகாரத்தில் கண்ணாடி உடைந்திருந்தது, முள் ஓடிக்கொண்டிருந்தது. காலை ஏழே முக்கால். மஸ்தானுக்கு அவன் தரவேண்டியது ஒரு ராத்திரி. அது முழுசாகப் பாக்கி இருந்தது.