பதினேழாம் நம்பர் ஸ்பேனர்

போர்மேன் உதயகுமாருக்குத் தோள்பட்டை இரண்டும் கழன்று விழுவதுபோல் வலித்தது. இரண்டு ஷிப்ட் தொடர்ந்து தகடு அடிக்கும் பிரஸ் ஓட்டிய வலி. அதோடுதான் அம்பத்தூர் எஸ்டேட்டின் பிரஸ் ஷெட்டுக்குள், சாப்பாட்டு நேரத்தில் மண்டியிட்டான்.

எதிரே ரப்பர் பொம்மை. தலையும் மார்பும் மட்டும், கை கிடையாது. முதலுதவி சொல்லித்தர வந்த நர்ஸ் வித்யா அதைக் கிடத்திய இடம், போன மாதம் கூட வேலை பார்த்த வேம்புலி விழுந்து செத்த இடம். அவளுக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் யாரும் சொல்லவில்லை.

அன்று வேம்புலிக்குக் கை கால் வெட்டி இழுத்தது. தொண்டையில் கரகரவென்று சத்தம். நெஞ்சை அமுக்கப் போன லேத்து ஓட்டும் முஸ்தகீமை உதயகுமார் பிடித்துத் தள்ளினான்.

"கைய எட்றா. காக்கா வலிப்புடா அது. இரும்பு குடுத்தா சரியாப்பூடும்."

பதினேழாம் நம்பர் ஸ்பேனரை வேம்புலியின் கையில் திணித்தான். ஆம்புலன்ஸ் வரும்வரை எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். இறுகிய விரல்களைப் பிறகு யாராலும் பிரிக்க முடியவில்லை. ஸ்பேனரோடே புதைத்தார்கள்.

"ஆளு விழுந்தா தோளத் தட்டிக் கூப்பிடுங்க," என்றாள் வித்யா. "பதில் இல்ல, மூச்சும் சரியா இல்லன்னா ஒருத்தர் 108க்கு போன் போடுங்க, இன்னொருத்தர் அமுக்குங்க. நெஞ்சு நடுவுல உள்ளங்கையோட அடிப்பக்கம், அதுமேல இன்னொரு கை. முழங்கை மடங்கக் கூடாது. ரெண்டு இஞ்ச் எறங்கணும், முழுசா எழும்ப விடணும். வேகமா. கரகரன்னு இழுக்குறது மூச்சு இல்ல. இதயம் நின்னவங்களுக்கும் வெட்டி இழுக்கும். வலிப்புன்னு நெனச்சு இரும்பு குடுத்துட்டு நிக்காதீங்க."

முஸ்தகீம் தரையில் துப்பினான். "போர்மேன் காதுல ஏறுற மாரி சொல்லும்மா."

"மூடுறா," என்ற உதயகுமார் அமுக்க ஆரம்பித்தான்.

பிரஸ்கள் நின்றிருந்தன. ரப்பர் இறங்கி எழும் சத்தம் மட்டும்.

உள்ளங்கைக்குக் கீழே சூடு.

மெஷின் ஆயிலும் வியர்வையும் கலந்த வாடை. வேம்புலி சட்டையின் வாடை.

ரப்பருக்குள் ஒரு விலா எலும்பு முறிந்தது.

அவன் கையை எடுத்தான். பொம்மையின் வாயிலிருந்து கரகரவென்று வந்தது.

அமுக்கினான். நின்றது. எடுத்தான். வந்தது.

"இன்னாம்மா, உள்ள மிஷின் எதுனா வெச்சுகீறியா?"

"ஒண்ணும் இல்லண்ணா. வெறும் ரப்பரு."

முஸ்தகீம் அவன் காதருகே குனிந்தான். முகம் வெளிறியிருந்தது.

"எனக்கும் கேக்குது. நிறுத்தாத."

அமுக்கினான். தோள் எரிந்தது. கண் இருட்டியது.

"ரெண்டு நிமிஷத்துக்கு ஒருக்கா ஆளு மாத்தணும். யாராச்சும் வாங்க," என்றாள் வித்யா.

யாரும் அசையவில்லை.

"வாங்கப்பா."

சுற்றி நின்று பார்த்தார்கள்.

கை துவண்டு அவன் பொம்மைமேல் விழுந்தான். வித்யா அவனைப் புரட்டிவிட்டுப் பொம்மையைத் தூக்கினாள். அடியில் அந்த ஸ்பேனர் கிடந்தது. முழுக்க ஈர மண். நான்கு விரல் பிடித்த இடம் மட்டும் சுத்தமாக இருந்தது.

வேம்புலிக்கு உதயகுமார் தந்தது இரும்பு; தரவேண்டியது மூச்சு. அது இன்னும் பாக்கி.