ஞாயிற்றுக்கிழமை விரதம்

"ஏ மாரீசு... மணி ஒம்போதாகப் போகுதுல்ல? இன்னும் குளிக்காம அங்கன என்னத்த உருட்டிக்கிட்டு இருக்க? விரதத்துக்கு உக்காரணும்ல!"

கட்டிலில் படுத்தபடியே மாயக்காள் குரல் கொடுத்தாள். அடுப்படியில் கஞ்சியைத் துழாவிக்கொண்டிருந்த மாரீஸ்வரியின் கை அப்படியே நின்றுபோயிற்று.

மாமியார் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். கரண்டியை விட்டெறிந்திருந்தால்கூடக் குனிந்து எடுத்து வைத்திருப்பாள். ஆனால் இடுப்பெலும்பில் தகடு வைத்துத் தைத்துப் படுக்கையில் கிடக்கிற அந்த மனுஷி, இந்த மூன்று வாரத்தில் அவளை ஒரு சொல் கடிந்து பேசவில்லை. அதுதான் மாரீஸ்வரியின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்துக்கொண்டே இருந்தது.

"இன்னைக்கி வேண்டாம் அத்தை... உங்கள இப்படிப் போட்டுட்டு..."

"என்னைய எவன் தூக்கிட்டுப் போகப்போறான்? சம்முகம் வாரேன்னுருக்காள்ல. விரதத்த நடுவுல விடக் கூடாதுத்தா. எம் மகன் மலைக்குப் போயிருக்கான். உன் விரதந்தேன் அவனைக் கீழ இறக்கிக் கொண்டாருது."

மாரீஸ்வரி அடுப்பை அணைத்தாள். கண்ணில் நீர் முட்டியது. புகையே இல்லாத கேஸ் அடுப்பு. எதைச் சொல்லித் துடைப்பாள்?

அவள் புருஷன் தவசிக்கு ஜீப் ஓட்டுகிற வேலை. விடியுமுன்னே உத்தமபாளையத்திலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு, கம்பம்மெட்டு வளைவுகளில் ஏறி, கேரளத்து ஏலத்தோட்டங்களில் இறக்கிவிட்டுச் சாயங்காலம் கூட்டி வருவான். காய் எடுக்கிற பருவத்தில் ஞாயிற்றுக்கிழமையும் ஓட்டம் உண்டு. மூன்று வருஷத்துக்கு முன் மழையில் ஜீப் சறுக்கி, பள்ளத்துக்கு ஒரு முழம் முன்னால் பாறையில் முட்டி நின்றது. அந்த வாரந்தான் மாரீஸ்வரி மாமியாரிடம் சொன்னாள்.

"வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு நேந்துக்கிட்டேன் அத்தை. அவுகளுக்கு மலையில ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு. ஞாயித்துக்கிழமை பத்து மணியிலருந்து பன்னெண்டு வரைக்கும் மௌன விரதம். கதவச் சாத்திக்குவேன். யாரும் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டா விரதம் கலைஞ்சுரும்."

பொய்! அம்மன் பேரைச் சொல்லி, புருஷன் உயிரைச் சொல்லி, வாய் கூசாமல் சொன்ன பொய்!

கதவுக்குப் பின்னால் அம்மன் படம் இருந்தது உண்மைதான். அதற்குக் கீழே, விடுதியில் தங்கிப் படிக்கிற மகள் தேவயானியின் பழைய லேப்டாப்பும் இருந்தது. மாரீஸ்வரி இணையவழியில் பி.ஏ. வரலாறு படித்துக்கொண்டிருந்தாள். ஞாயிறுதோறும் அந்த நேரத்தில் வகுப்பு; பருவ முடிவில் பரீட்சையும் அதிலேயேதான். திரைக்கு மேலே இருக்கிற கேமரா இரண்டு மணி நேரமும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அறையில் இன்னொரு முகம் தெரியக் கூடாது, இன்னொரு குரல் கேட்கக் கூடாது, எழுந்து போகக் கூடாது. மூன்று எச்சரிக்கைக்குமேல் போனால் பரீட்சை மூடிக்கொள்ளும். ஒரே கூடமும் ஒரே அறையும் உள்ள வீட்டில், வாய்க்கு வாய் "ஆத்தா... ஆத்தா" என்று கூப்பிடுகிற மாமியாரை வைத்துக்கொண்டு வேறு எப்படி எழுதுவாள்?

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒருமுறை சொல்லத்தான் செய்தாள். அஞ்சல்வழிப் படிப்புக்கு அவள் விண்ணப்பம் வாங்கி வந்த அன்று, நாத்தனார் சண்முகத்தாய் இதே கூடத்தில் உட்கார்ந்து சிரித்தாள். "மதினி மககூடச் சேந்து புத்தகப்பையத் தூக்கப் போறாகளாம்! அம்மா, சடை பின்னி விடு!" மாயக்காளும் வெற்றிலை வாயோடு சிரித்தாள். தவசியும் சிரித்தான். மறுநாள் பள்ளிக்கூடத்திலும் சிரித்தார்கள். சண்முகத்தாய் டீச்சராக இருக்கிற அதே பள்ளிக்கூட அலுவலகத்தில்தான் மாரீஸ்வரிக்கு வேலை. வருகைப்பதிவேட்டை வகுப்பு வகுப்பாகக் கொண்டுபோய்க் கொடுத்து வாங்குவாள். பட்டம் இருந்தால் எழுத்தர் வேலை என்று தாளாளர் சொல்லியிருந்தார்.

அன்றைக்கு விண்ணப்பத்தைக் கிழித்துப்போட்டவள், அடுத்த தடவை யாருக்கும் சொல்லவில்லை. காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு சமைத்தாள். பாடம் ஓடிக்கொண்டிருக்கும். "எம் மருமக எந்நேரமும் சாமி பாட்டுத்தேன் கேக்குறா" என்று மாயக்காள் தெருவெல்லாம் சொன்னாள்.

மூன்று வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை... அதை நினைக்காமல் ஒரு வேளை சோறு இறங்கியதில்லை.

அன்று எழுத ஆரம்பித்துக் கால் மணி நேரம் இருக்கும். கொல்லைப் பக்கம் வாளி உருளும் சத்தம் கேட்டது. தொடர்ந்து கனமாக ஏதோ விழுந்த சத்தம். மாரீஸ்வரி திரும்பினாள். உடனே திரையில் சிவப்பு எழுத்து மின்னியது: திரையைப் பார்க்கவும்! எச்சரிக்கை ஒன்று! காதைத் தீட்டிக்கொண்டு ஒரு நிமிஷம் இருந்தாள். கூப்பிடும் குரல் இல்லை. பூனையாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எழுதப் போய்விட்டாள்.

பரீட்சை நன்றாகவே எழுதியிருந்தாள். பன்னிரண்டு மணிக்குச் சிரித்த முகத்தோடு வெளியே வந்தாள். கொல்லையில் தண்ணீர்த்தொட்டிப் பக்கத்தில், பாசிபிடித்த கல்லில், ஈரத்தோடு ஈரமாக மாயக்காள் கிடந்தாள். சேலைத் தலைப்பை வாயில் திணித்துக் கடித்திருந்தாள். மருமகளைப் பார்த்ததும் தலைப்பை உருவிவிட்டு அவள் கேட்ட முதல் வார்த்தை:

"விரதம்... முடிஞ்சிருச்சாத்தா?"

*

ஒன்பதரைக்குச் சண்முகத்தாய் வந்தாள். கையில் ஹார்லிக்ஸ் பாட்டில், முகத்தில் கடுகடுப்பு.

"இன்னைக்கும் விரதமா மதினி? நல்லாத்தேன் இருக்கு! ரெண்டு மணி நேரம் ஒரு மனுஷி கீழ கிடந்துருக்காக. ஒரு சத்தங்கூடவா உங்க காதுல விழல? சாமி காதையுமா அடைச்சிருச்சு?"

"ஏய்! வாய மூடுடி!" கட்டிலிலிருந்து மாயக்காள் சீறினாள். "நாந்தேன் கத்தலையே! நாங் கத்தி, அவ எந்திரிச்சு வந்து, விரதம் கலைஞ்சு, மலையில உங்க அண்ணனுக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆனா? என் இடுப்பு போனாப் போகுது. எம் பிள்ள வேணும்ல!"

மாரீஸ்வரி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"போத்தா, நீ போ. நேரமாச்சு."

போனாள். கதவைச் சாத்தினாள். கடைசிப் பருவத்தின் கடைசித் தாள். பல்கலைக்கழகம் ஏதோ காரணத்துக்காக மூன்று வாரம் தள்ளி வைத்திருந்த தாள். இதை எழுதிவிட்டால் முடிந்தது. அப்புறம் யாருக்கும் எதையும் சொல்லாமல்கூட இருந்துவிடலாம். அடையாள அட்டையைக் கேமராவிடம் காட்டினாள். லேப்டாப்பைத் தூக்கி நான்கு சுவரையும் சுற்றிக் காட்டினாள். அம்மன் படத்துக்கு நேரே வந்தபோது கை தானாகத் தாழ்ந்தது.

திரை கேட்டது: அறையில் நீங்கள் மட்டும் இருக்கிறீர்களா?

வெளியே மாயக்காளின் குரல், அடங்கிய குரல், கதவிடுக்கு வழியே வந்தது. "ஏய் சம்முகம், பாத்திரத்த மெதுவா வையி... உள்ள உக்காந்துட்டா. எனக்கா? வலி கிடக்குது விடு... அந்தத் துண்டக் குடு, வாயில வச்சுக்கிறேன்..."

மாரீஸ்வரி எழுந்துவிட்டாள்.

கதவு திறந்த சத்தத்தில் இரண்டு பேரும் திடுக்கிட்டுப் பார்த்தார்கள். திறந்த லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தவள், கட்டிலின் கால்மாட்டில் அதை வைத்துவிட்டுத் தரையில் மடங்கி உட்கார்ந்தாள்.

"அத்தை... வாயிலருந்து துண்ட எடுங்க. கத்துங்க. நல்லாக் கத்துங்க! விரதம்லாம் இல்ல அத்தை... விரதமே இல்ல! நான் படிக்கிறேன், பரீட்சை எழுதுறேன். மூணு வருஷமா உள்ள உக்காந்து இதத்தேன் செஞ்சேன். சாமி பேரச் சொல்லி உங்கள ஏமாத்திட்டேன்..."

சண்முகத்தாய்தான் முதலில் வெடித்தாள்.

"அடிப்பாவி மதினி! பரீட்சைக்காகவா எங்க அம்மாவக் கல்லுல போட்டு வச்சிருந்தீக? அண்ணன் ஜீப்புல வர்ற சனத்துக்கிட்டயெல்லாம் 'எம் பொண்டாட்டி விரதம் இருக்கா, எனக்கென்ன பயம்'னு பெருமையடிக்கிது! எப்படி மனசு வந்துச்சு உங்களுக்கு?"

மாரீஸ்வரி தன்னைத்தானே இதைவிடக் கேவலமாகக் கேட்டாகிவிட்டது.

மாயக்காள் கையை உயர்த்தி மகளை அடக்கினாள். அவள் கண் மருமகள் மேலேயே இருந்தது.

"ஒண்ணு மட்டும் சொல்லு மாரீசு. அன்னைக்கி நாங் கத்தல. சரி. ஆனா நான் விழுந்த சத்தம்... அது உனக்குக் கேட்டுச்சா?"

பொய் சொல்ல நல்ல இடம் அது. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் பாதிப் பாவம் கரைந்துபோகும். மாரீஸ்வரி தலையை நிமிர்த்தினாள்.

"கேட்டுச்சு அத்தை. வாளி உருண்டதும் கேட்டுச்சு. எந்திரிச்சா பரீட்சை போயிரும்னு... பூனைன்னு நினைச்சுக்கிட்டேன். பூனையா இருக்கணும்னு நினைச்சுக்கிட்டேன்..."

மாயக்காள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. சண்முகத்தாய், என்ன செய்வதென்று தெரியாமல், கால்மாட்டில் கிடந்த லேப்டாப்பைத் தன்பக்கம் திருப்பினாள். டீச்சர் கண் அல்லவா? திரையில் இருந்ததை வாய்விட்டுப் படித்தாள்.

"ஆறாவது பருவம்... இறுதித் தாள்... அஞ்சு பருவத்துலயும் தேர்ச்சி." குரல் தேய்ந்தது. "ஒண்ணுலகூட விடலையா மதினி? வேலைக்கும் வந்து, வீட்டையும் பாத்து... எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல? நாஞ் சொல்லிக் குடுத்திருப்பேனே!"

"சொன்னாளே!" சுவரைப் பார்த்தபடியே மாயக்காள் சொன்னாள். "சொன்னப்ப நீ சடை பின்னி விடச் சொன்ன. நானுஞ் சிரிச்சேன்."

சண்முகத்தாய் தலை குனிந்தாள்.

மாயக்காள் மெல்லத் திரும்பினாள். "கேளுடி. இவ கல்யாணமாகி வந்தப்ப காலேஜுல முத வருஷம். உங்க அப்பா கண்ண மூடுனாக. நீ ஹாஸ்டல்ல இருந்து டீச்சருக்குப் படிச்சுக்கிட்டிருந்த. ரெண்டு பேரையும் படிக்க வைக்க வழியில்ல. 'சம்முகம் படிக்கட்டும் அத்தை'ன்னு இவ சொல்லிட்டு, மறுநாளே தலையில துண்டக் கட்டிக்கிட்டு அண்ணன் ஜீப்புலயே ஏறி ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போனா. நாலு வருஷம்! அட்டை கடிச்ச தழும்பு இன்னும் அவ கால்ல கிடக்கு. பாத்திருக்கியா நீ? உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னு எங்கிட்டச் சத்தியம் வாங்குனா. படிக்கிற பிள்ள மனசு சங்கடப்படும்னு."

சண்முகத்தாயின் கையிலிருந்து லேப்டாப் நழுவப் பார்த்தது. அதைக் கட்டிலில் வைத்துவிட்டு அப்படியே மாரீஸ்வரியின் பக்கத்தில் தரையில் சரிந்தாள்.

"மதினி... தினம் தினம் பதிவேட்டைக் கொண்டு வந்து என் மேசையில வச்சீகளே... ஒரு நாளாவது வாயத் திறந்தீகளா? உக்காருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லலையே நானு..." என்று விம்மினாள்.

"அழுகாத சம்முகம். அதுக்கும் இதுக்கும் சரியாப் போச்சுன்னு நான் நினைக்கல. நான் செஞ்சது செஞ்சதுதேன்."

சட்டென்று சண்முகத்தாய் நிமிர்ந்தாள். "அய்யோ, மணி பத்தரையாகுதே! எத்தனை மணி வரைக்கும் உள்ள விடுவாக? ஓடுங்க மதினி! நான் அம்மாவப் பாத்துக்கிறேன்!"

பத்தரை வரைதான். மாரீஸ்வரிக்கு அது தெரியும். பேச்சுக்கிடையே திரையோரத்தில் நிமிஷங்கள் குறைந்துகொண்டே வந்ததை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பார்த்தும் எழவில்லை. மாமியார் முகம் இன்னும் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. திரை ஒருமுறை மின்னி, அனுமதி நேரம் முடிந்தது என்றது.

"போச்சு," என்றாள் சண்முகத்தாய். "ஆறு மாசம்... அடுத்தது மார்கழியிலதேன்."

"போகட்டும்."

மாயக்காள் கையை நீட்டினாள். "என்னையத் தூக்கி உக்கார வையி."

மாரீஸ்வரி குனிந்தாள். தூக்குவதற்காகக் கிழவியின் இரண்டு கையையும் எடுத்துத் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டாள். மெல்ல நிமிர்த்தித் தலையணையில் சாய்த்தாள். கழுத்தைச் சுற்றிய கைகள் விலகவில்லை.

"எனக்குக் கோவம் போகல ஆத்தா," காதோரத்தில் மாயக்காளின் குரல் உடைந்தது. "பொய் சொல்ல மாட்டேன். அந்தக் கல்லுல கிடந்த ரெண்டு மணி நேரத்த என்னால மறக்க முடியல. போகும்போது போகட்டும். தவசிகிட்ட நீயே சொல்லு. திட்டுவான். வாங்கிக்க."

"வாங்கிக்கிறேன் அத்தை."

"மார்கழிக்குள்ள நான் நடந்துருவேன். கதவுக்கு வெளிய நாந்தேன் உக்காருவேன். ஒரு நாயக்கூடக் குரைக்க விடமாட்டேன். ஆனா ஒண்ணு... திரும்ப விழுந்தேன்னு வையி, இந்தவாட்டி துண்டக் கடிக்க மாட்டேன்டி. கம்பம் வரைக்கும் கேக்கக் கத்துவேன்!"

"கத்துங்க அத்தை..." மாரீஸ்வரிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மூன்று வாரமாக அடக்கிவைத்த கண்ணீர் மாமியாரின் தோளை நனைத்தது. "கத்துங்க. எழுதுறத அப்படியே போட்டுட்டு நான் ஓடி வருவேன்!"

"வருவ," என்றாள் மாயக்காள். மருமகளின் தலையைத் தன் கன்னத்தோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். "எனக்குத் தெரியும். வருவ."