சீட்டுக்கு அடியில் தப்பான தாள்

“போலி!” என்றார் பெலிக்ஸ். சொல்லிவிட்டுக் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொண்டார்.

பொள்ளாச்சியில் அந்த ஒர்க்‌ஷாப்பை நடத்துகிற துளசிமணிக்குத் தலையில் இடி விழுந்த மாதிரி இருந்தது. அந்தப் பழைய காரைப் புதுப்பிக்க ரெண்டு வருஷமாக அதற்கு அடியிலேயே படுத்துக் கிடந்தவள் அவள். பெலிக்ஸோ சென்னைப் பழங்கார் சங்கத்தின் பரிசோதகர். அவர் ‘அசல்’ என்று கையெழுத்துப் போட்டால்தான் எந்தப் பழைய காருக்கும் மரியாதை. சிரிக்கிற வழக்கம் மட்டும் மனுஷனுக்குக் கிடையாது.

கார் அமெரிக்காக்காரன் செய்தது. 1970 மாடல், பேர் மெரிடன் ஹரிக்கேன். “என்னது, அரிக்கேன் விளக்கா?” என்று கேட்காத ஆள் பொள்ளாச்சியில் இல்லை. இதில் ரெண்டு ரகம். ஒன்று ஆறு சிலிண்டர் வைத்த சாதுப்பிள்ளை. இன்னொன்று எட்டு சிலிண்டர் வைத்த முரட்டுப்பயல். வெளித்தோற்றம் ரெண்டுக்கும் ஒன்றுதான்; முரட்டுப்பயலுக்கு ஒரு கறுப்புப் பட்டை மட்டும் கூடுதல். சாதுவுக்குக் கறுப்புப் பட்டை ஒட்டி முரடு என்று ஊரை ஏமாற்றுகிறவர்கள் உலகம் பூராவும் இருக்கிறார்கள். அதனால்தான் பெலிக்ஸ் மாதிரி ஆட்களுக்குச் சோறு கிடைக்கிறது.

“முன்கண்ணாடிக்குக் கீழ இருக்கிற தகட்டுல நம்பர் 118னு முடியுது. எட்டு சிலிண்டர்னு குறியீடு இருக்கு” என்றார் பெலிக்ஸ். “ஆனா பின்சீட்டு ஸ்பிரிங்ல நீங்க எடுத்த தயாரிப்புத் தாள்ல 117. ஆறு சிலிண்டர். தகடு ரெண்டு ஆணியில நிக்கிற சமாச்சாரம், யார் வேணா மாத்தலாம். உள்ள இருக்கிற இன்ஜினோ லாரி இன்ஜின். எதை நம்பச் சொல்றீங்க?”

தயாரிப்புத் தாள் என்பது வேறொன்றுமில்லை. தொழிற்சாலையில் வண்டி நகர நகர, எந்த நிறம், எந்த கியர், எந்த இன்ஜின் என்று தொழிலாளர்கள் பார்த்து மாட்டுவதற்காகக் குறியீடுகளை அச்சடித்து வைத்த காகிதம். வேலை முடிந்ததும் அதைக் குப்பையில் போடச் சோம்பல்பட்டு, சீட்டு ஸ்பிரிங்குக்குள் திணித்துவிடுவார்கள்.

“லைன்ல ஒண்ணு பின்னால ஒண்ணா வண்டி போகுமுங்க சார். 117ஓட தாளை அவசரத்துல 118ல செருகியிருப்பாங்க” என்றாள் துளசிமணி. “ஏமாத்தணும்னு நெனைக்கறவன் ரெண்டும் ஒத்துப்போற மாதிரிதானுங்க தாள் வைப்பான்?”

“இருக்கலாம். இருக்கலாம்கிறதுக்கெல்லாம் நான் கையெழுத்துப் போடறதில்ல.”

காரின் சொந்தக்காரர் ராக்கியப்பன் அதுவரை வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். இப்போது எழுந்தார்.

“சரி அம்மிணி, ஆனது ஆச்சு. சினிமாக்காரங்க கேட்டுட்டே இருக்காங்க, குவாரிப் பள்ளத்துல தள்ற சீனுக்கு. நாளைக்குச் சாயங்காலம் நாலு மணிக்குக் கிரேன் வருது. அசலா இருந்தா உன்கிட்டயே விட்டிருப்பேன். போலிய வச்சுட்டு நான் என்ன பண்றது?”

“ஐயா, இதோட சொந்த இன்ஜின் எங்கீங்க?”

“அதுவா? மழைக்காலத்துல கரண்ட் இல்லாம தேயிலை வீணாகுதுன்னு எங்கப்பா அதைக் கழட்டி எஸ்டேட் மெஷினுக்கு மாட்டிட்டார். எஸ்டேட்ட மூடி முப்பது வருஷமாச்சு. இப்ப அங்க ஆனைதான் குடியிருக்குது.”

துளசிமணி பெலிக்ஸைப் பார்த்தாள். “இன்ஜின்லயும் கார் நம்பரை அடிச்சிருப்பாங்கல்லங்க?”

“அடிச்சிருப்பாங்க” என்றார் பெலிக்ஸ், மனசே இல்லாமல்.

“அப்ப கெளம்புங்க சார்!”

மறுநாள் விடிகிற நேரத்துக்கு அவளுடைய ஓட்டை ஜீப் வால்பாறை வளைவுகளில் ஏறிக்கொண்டிருந்தது. ராக்கியப்பனின் பனிக்கொம்பு எஸ்டேட் காப்புக்காட்டுக்குள் இருந்ததால் வனத்துறை அனுமதியோடு குணசீலன் என்ற வாட்ச்சரையும் சேர்த்து அனுப்பினார்கள். செக்போஸ்டிலேயே அவன் சட்டம் போட்டான்.

“நான் நில்லுன்னா நிக்கணும். ஓடுன்னா ஓடணும். ஏன் எதுக்குன்னு அப்புறமா கேட்டுக்கலாம்.”

பாதை முடிந்த இடத்தில் ஜீப்பை விட்டு இறங்கி நடந்தார்கள். மனுஷன் கை படாத தேயிலைச் செடிகள் மரமாக வளர்ந்து வழியை அடைத்திருந்தன. ஈரச் சருகிலிருந்து அட்டைகள் நிமிர்ந்து நிமிர்ந்து பார்த்தன. பெலிக்ஸின் வெள்ளை சாக்ஸ் கொஞ்ச நேரத்தில் சிவப்பாகிவிட்டது.

“பிடுங்காதீங்க சார்! இந்தாங்க மூக்குப்பொடி, தூவுங்க” என்றான் குணசீலன்.

“இந்தத் தொழிலுக்கு வந்தப்ப யாரும் இதெல்லாம் சொல்லல” என்று முனகினார் பெலிக்ஸ்.

ஓடையில் பாறை பாறையாகத் தாவினார்கள். துளசிமணி தாண்டினாள், குணசீலன் தாண்டினான், பெலிக்ஸ் இடுப்பு வரை தண்ணீரில் நின்றார். ஆனாலும் பையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தார். அதற்குள் அவருடைய வெள்ளைத் தாளும் பென்சிலும் இருந்தன. மனுஷன் கிறுக்கன்தான், ஆனால் தொழில் பக்தியுள்ள கிறுக்கன் என்று துளசிமணிக்கு அப்போதுதான் பட்டது.

மதியத்துக்கு முன்பே தேயிலைத் தொழிற்சாலை தெரிந்தது. கூரையில் பாதி இல்லை. மூலையில் ஓர் இன்ஜின் அறை. உள்ளே, கொடி படர்ந்து, சுவரோடு ஒட்டி நின்றது அது! துளசிமணி கொடியைப் பிய்த்து எறிந்து எண்ணினாள். எட்டு சிலிண்டர்!

“பார்த்தீங்களா சார்!” என்று குதித்தாள்.

“எட்டுங்கிறது சரி. இந்தக் காரோட எட்டாங்கிறதுதான் கேள்வி. நம்பர் எங்க?”

நம்பர் இன்ஜினின் பின்பக்க ஓரத்தில், சுவரைப் பார்த்த பட்டையில் இருந்தது. அதன்மேல் அரை நூற்றாண்டு எண்ணெயும் தூசும் தார் மாதிரி இறுகிக் கிடந்தன. துளசிமணி கம்பி பிரஷ்ஷை எடுத்துக் ‘கரக்’ என்று ஓர் இழுப்பு இழுத்தாள். குணசீலன் பாய்ந்து வந்து அவள் கையைப் பிடித்தான்.

“உஷ்!”

வெளியே மூங்கில் முறிகிற சத்தம். முன்சுவர் ஓட்டை வழியே பார்த்தால், வாசலுக்கு நேராக ஒரு பெண் யானை! கால்களுக்கு நடுவே குட்டி!

“குட்டியோட இருக்கிறது பொல்லாதது. சத்தம் கேட்டா சுவரோட சேர்த்துத் தள்ளிரும்” என்று காதில் ஓதினான் குணசீலன். “அதுவா போற வரைக்கும் அசையக்கூடாது.”

நாலு மணிக் கிரேன் துளசிமணியின் நினைவில் வந்தது. பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். துப்பட்டாவின் முனையைப் பையில் கொண்டுவந்திருந்த கெரசினில் நனைத்து, சத்தமே வராமல் அழுக்கைக் கரைக்க ஆரம்பித்தாள். அடுப்பில் பால் பொங்காமல் பார்க்கிற மாதிரி பொறுமையாக. அழுக்கு கரைந்து வழிந்தது. ஆனால் பட்டை இருந்த இடுக்கில் தலை நுழையவில்லை. படிக்க முடியாது!

பெலிக்ஸ் சட்டைக் கையை மடித்தார். அவருக்குக் கை நீளம். தாளைப் பட்டைமேல் வைத்து, எண் பதியும்படி பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தார். சுவரில் உரசி முழங்கை தோல் உரிந்தது. மனுஷன் மூச்சு விடவில்லை. தாளை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

118.

முதலில் இருந்த ‘1’ மட்டும் ரெண்டு தடவை அடிபட்டு நிழலோடு தெரிந்தது. எட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. “கோணலா இருக்கேங்க சார்?” என்று கிசுகிசுத்தாள் துளசிமணி.

“கோணலா இருக்கிறதுதாம்மா அழகு!” என்றார் பெலிக்ஸ். “கார் தொழிற்சாலையில நம்பரைக் கையில சுத்தியல் பிடிச்சு அடிப்பாங்க. ஓடுற லைன்ல நேரா வைக்க எவனுக்கு நேரம்? போலி பண்றவன்தான் ஸ்கேல் வச்சு அடிப்பான். நம்பருக்கு அடியில சன்னமா கோடு தெரியுது பாருங்க, அது தொழிற்சாலையில முதல்ல கடைசல் பிடிச்சப்ப விழுந்த கோடு. பழைய நம்பரை ராவி அழிச்சிருந்தா அதுவும் போயிருக்கும். இது அசல்!”

கிசுகிசுப்பில் ஆரம்பித்தவர் ‘அசல்’ என்ற சொல்லைக் கத்தியே விட்டார். வெளியே யானை பிளிறியது!

“ஓடுங்க!” என்றான் குணசீலன்.

பின்பக்கச் சுவரில் இடிந்திருந்த ஓட்டை வழியே விழுந்தடித்து ஓடினார்கள். யானை இன்ஜின் அறை வரை வந்து, குட்டியை விட்டு வர மனமில்லாமல் நின்றுவிட்டது. அவர்களுக்கு அது தெரியாது. ஜீப் வரை ஓடினார்கள்.

மலையில் போனுக்குச் சிக்னல் இல்லை. வளைவுகளில் டயர் அலறியது. துளசிமணி ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. செக்போஸ்டில் குணசீலனை இறக்கிவிட்டு நன்றி சொல்லக்கூட நிற்கவில்லை. “நல்ல சேதி சொல்லுங்கக்கா!” என்று அவன் கத்தியது மட்டும் காற்றில் வந்தது. அடிவாரத்தில் போன் போட்டால் ராக்கியப்பன் எடுக்கவில்லை.

குவாரிக்குள் ஜீப் நுழைந்தபோது கார் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பள்ளத்தின் விளிம்புக்குக் கிரேன் அதைத் திருப்பிக்கொண்டிருந்தது.

“நிறுத்துங்க!” துளசிமணி ஓடிப்போய்க் கிரேனுக்கு முன்னால் நின்றாள். “ஐயா, நிறுத்தச் சொல்லுங்கய்யா!”

ராக்கியப்பன் கையைத் தூக்கினார். அட்டைக்கடியும் சேறுமாக வந்த பெலிக்ஸ், தேய்த்த தாளை அவரிடம் நீட்டினார். “போலின்னு சொன்னது என் தப்பு. வண்டி அசல். எங்க வேணா கையெழுத்துப் போடறேன்.”

ராக்கியப்பன் தாளை வாங்கிப் பார்த்தார். “எங்கப்பா பெரிய இன்ஜின், பெரிய இன்ஜின்னு சாகற வரைக்கும் சொல்லிட்டிருந்தார். நான்தான் நம்பல” என்றார். அப்புறம் கிரேன்காரரைப் பார்த்து, “மெதுவா இறக்கு சாமி. பொட்டுச் சேதாரம் ஆகக்கூடாது.”

சினிமா மேனேஜர் தலையில் கை வைத்துக்கொண்டார். “அப்ப நான் எதைங்க தள்றது?”

எல்லார் கண்ணும் துளசிமணியின் ஓட்டை ஜீப்பின் மேல் திரும்பியது.

“அடேங்கப்பா! அந்தப் பக்கம் பார்க்கவே கூடாது!” என்று அவள் குறுக்கே நின்றாள்.

கார் தரையைத் தொட்டதும் உள்ளே ஏறி, பின்சீட்டைத் தூக்கினாள். பையிலிருந்த அந்த 117 தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்து ஸ்பிரிங்குக்குள் திணித்தாள்.

“அது தப்பான தாளாச்சே?” என்றார் பெலிக்ஸ். “சங்கத்துல கண்ணாடி போட்டு மாட்டலாமே?”

“வேண்டாமுங்க சார். அவங்க எங்க வச்சாங்களோ அங்கயே இருக்கட்டும். இதுவும் இந்த வண்டியோட அசல்தானுங்க.”

பெலிக்ஸ் சிரித்துவிட்டார். முழங்கை எரிகிறதென்று சொல்லிக்கொண்டே, காரின் பானெட்டில் சங்கத்துச் சான்றிதழை வைத்து ‘அசல்’ என்று கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்தும் கோணலாகத்தான் விழுந்தது.