கேட்காமல் திறந்த கணினி

கணினித் திரை மறுபடியும் கறுப்பாகவே நின்றது.

"போச்சு அருளு, எல்லாம் போச்சு," என்றாள் அம்மா.

ஆறாம் வகுப்பு அருள்செல்வி அம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள்.

திருமுல்லைவாயிலில் அவர்கள் வீட்டு முன்னறைதான் அம்மா சாராளின் கடை. கல்யாணப் பத்திரிகை, விசிட்டிங் கார்டு எல்லாம் அடித்துக் கொடுப்பாள். அம்மாவுக்குத் தெரிந்தது விண்டோஸ் மட்டும். பாலிடெக்னிக்கில் படிக்கும் அண்ணன் பாஸ்கல், அதே கணினியில் லினக்ஸ் என்ற இன்னோர் இயங்குதளத்தையும் ஏற்றியிருந்தான்.

இதுவரை கணினியைப் போட்டதும், இரண்டில் எது வேண்டும் என்று கேட்கும். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விண்டோஸைத் தேர்ந்தெடுப்பாள். நேற்று பாஸ்கல் அந்த அமைப்பில் எதையோ மாற்றினான். இன்று காலை வேலைத் தேர்வு எழுதத் திருச்சிக்கு ரயிலேறிவிட்டான்; கையில் போனும் கிடையாது. கணினியோ யாரையும் கேட்காமல் நேராக லினக்ஸின் கறுப்புத் திரையில் போய் நிற்கிறது.

பக்கத்து வீட்டுத் தாயம்மா, கைக்குழந்தையோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அவள் கணவர் வேம்புலி இறந்துபோய் இரண்டு வாரம்தான் ஆகிறது. நாளைக்குக் காரியம். அவருடைய ஒரே படம் கூரை ஒழுகி நனைந்து, முகமே அழிந்துவிட்டது. எப்போதோ அம்மா ஸ்கேன் செய்து வைத்த படம் மட்டும் இந்தக் கணினிக்குள் இருந்தது.

கணினி பழுது பார்க்கும் ஜேம்ஸ் எதையெதையோ தட்டிப் பார்த்தான். பிறகு உதட்டைப் பிதுக்கினான்.

"விண்டோஸ் அழிஞ்சிருக்கும் போலக்கா. சுத்தமா பார்மேட் பண்ணிட்டுப் புதுசா போட்டாத்தான் உண்டு."

"உள்ளே இருக்கிற படம், தம்பி?"

"எல்லாம் பூடும்க்கா."

அம்மா தலையைக் கையில் தாங்கிக்கொண்டாள்.

"நான் ஒரு தடவை பாக்கட்டுமா?" என்றாள் அருள்செல்வி.

ஜேம்ஸ் சிரித்தான். "நானே முழிக்கிறேன், நீ பாக்கப் போறியா? சரி, நான் டீ குடிச்சிட்டு வர்றேன். அதுவரைக்கும் பாரு."

கணினியை அணைத்துப் போட்டாள். என்டரைத் தட்டினாள். கறுப்புத் திரை. மறுபடி போட்டு எஸ்கேப்பைத் தட்டினாள். அதே கறுப்புத் திரை. அவளுக்கு எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"வுடு கண்ணு, அழாத," என்றாள் தாயம்மா. "அவுரு மூஞ்சி எனக்கு ஞாபகம் கீது." மடியில் தூங்கும் குழந்தையைப் பார்த்தாள். "இதுக்குத்தான் அப்பன் மூஞ்சியே தெரியாம பூடும்."



அருள்செல்வி விசைப்பலகையையே வெறித்துப் பார்த்தாள். நேற்று அண்ணன் இங்கேதான் உட்கார்ந்திருந்தான். மாற்றி முடித்து, கணினியை அணைத்துப் போட்டுக் கார் பந்தய விளையாட்டு ஆடினான்.

கார் பந்தயம்! அது விண்டோஸில்தானே இருக்கிறது?

"அம்மா! விண்டோஸ் அழியலம்மா. மாத்தின பிறகும் அண்ணன் அதுக்குள்ள போனான்!"

"எப்படிப் போனான்?"

அவள் கண்ணை மூடி யோசித்தாள். கணினி திறக்கும்போது அண்ணனின் வலது கையில் முறுக்கு. இடது கைச் சுண்டுவிரல் மட்டும் ஓரத்து ஷிப்ட் விசையில். தட்டவில்லை, அழுத்திக்கொண்டே இருந்தான்.

ஷிப்டை அழுத்தியபடி கணினியைப் போட்டாள். கீங் கீங் என்று அது கத்தியது.

"ஐயோ, உள்ளதும் போச்சா?" என்று எழுந்தே விட்டாள் அம்மா.

அருள்செல்வி சட்டென்று அணைத்தாள். ரொம்ப முன்னாடியே அழுத்திவிட்டோமோ? இந்த முறை முதல் எழுத்துகள் வந்து போகும்வரை காத்திருந்து அழுத்தினாள்.

கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி வந்து நின்றது. எது வேண்டும் என்று கணினி கேட்கிறது!

விண்டோஸ் என்று ஆங்கிலத்தில் அடித்தாள். அப்படி எதுவும் இல்லை என்றது. ஆனால் பக்கத்திலேயே, டேப் விசையைத் தட்டினால் பெயர்களைக் காட்டுவேன் என்றும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்துத் தட்டினாள். இரண்டு பெயர்கள் வந்தன. ஒன்று லினக்ஸ். இன்னொன்று டாஸ்.

"லினக்ஸ் இல்லேன்னா இதுதானே இருக்கணும்?" டாஸ் என்று அடித்தாள்.

விண்டோஸின் நீல வானம் திரையில் விரிந்தது. அண்ணன் அதற்கு வைத்திருந்த பெயர்தான் டாஸ்.

அம்மா பாய்ந்து வந்து படத்தைத் தேடித் திறந்தாள். கட்டம் போட்ட சட்டையில் வேம்புலி சிரித்துக்கொண்டிருந்தார். தாயம்மா எழுந்து திரைக்கு அருகே வந்தாள். விழித்துக்கொண்ட குழந்தையின் கையைப் பிடித்துத் திரையில் வைத்தாள். திரையைத் தொடாதே என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.

டீ குடித்துவிட்டு வந்த ஜேம்ஸ், விண்டோஸைப் புதிதாகப் போடக் கொண்டுவந்த சிடியை மெல்லப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

பாஸ்கல் திருச்சியிலிருந்து திரும்பி வந்தபோது, பையை இறக்கக்கூட அருள்செல்வி விடவில்லை.

"முதல்ல இது பழையபடி கேக்கணும். உக்காருண்ணா."

நடந்ததைக் கேட்டு அவன் முகம் சுருங்கிவிட்டது. உட்கார்ந்து அமைப்பைத் திறந்தான்.

"எது வேணும்னு கேட்டுட்டு இது எவ்ளோ நேரம் காத்திருக்கணும்?" என்றான்.

அருள்செல்வி அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கிற வரைக்கும்."