'பி'யை விட்டு நகராத கார்

பினாங்கு சூலியா தெருவில், நாசி கண்டார் சோற்றுத் தட்டில் கார் மெக்கானிக் யுகேந்திரன் கை வைத்த நேரம் பார்த்துத்தான் அந்தப் போன் வந்தது.

"ஃபோர்மன் தம்பியா? கார் கியர் பார்க்கிங் 'பி'யிலேயே மாட்டிக்கிச்சு. ஆட்டோமேடிக் கார். இன்னைக்கே எடுத்தாகணும். கொஞ்சம் வர முடியுமா?"

"பிரேக்கை மிதிச்சுட்டுத்தானே இழுத்தீங்க அக்கா?"



"வந்து பாருங்களேன்," என்றாள் அந்தப் பெண்.

ஜெலுத்தோங்கில் கடலை ஒட்டி நின்ற பழைய அடுக்குமாடி அது. பிற்பகல்தான். ஆனால் மழை இருட்டிக்கொண்டு வந்திருந்தது. வேன் நுழைந்ததும் காவலுக்கு இருந்த ஜாகா அலாவுதீன் குடையை மடக்கியபடி எட்டிப் பார்த்தார்.

"கீழ்த்தளத்துக் காருக்கா? போ, போ. உனக்கு முன்னாடி வந்த ஃபோர்மன் டூல்பாக்ஸைக்கூட எடுக்காம ஓடிட்டான். என் போஸ்ட்லதான் கெடக்கு. நல்ல ஸ்பேனரா வேணும்னா பொறுக்கிக்கோ."

"என்ன பாய், பேய் கதையா? நமக்கு அதெல்லாம் பலிக்காது."

"பேய்னு நான் சொல்லவே இல்லையேலா," என்றார் அலாவுதீன்.

அவர் சிரிக்கவில்லை.

கீழ்த்தளத்தில் கார்கள் நெருக்கியடித்து நின்றன. ஒரு வரிசை கோட்டுக்குள். அவற்றை மறித்து இன்னொரு வரிசை குறுக்கே. பினாங்கு அடுக்குமாடிகளில் இது ஒன்றும் புதிதில்லை. குறுக்கே நிறுத்துபவன் கியரை 'என்'னில், அதாவது நியூட்ரலில் போட்டு, ஹேண்ட்பிரேக்கை இறக்கிவிட்டுப் போவான். உள்ளே மாட்டிக்கொண்டவன் அதைக் கையால் தள்ளிவிட்டுத் தன் காரை எடுத்துக்கொள்வான்.

கடைசித் தூணுக்கு முன்னால் தனியாக நின்றது அந்தச் சாம்பல் நிறக் கார். அதன் அருகில் யாருமே நிறுத்தியிருக்கவில்லை. சுவரின் பூஞ்சை வாடையோடு இன்னொரு வாடையும் அங்கே இருந்தது. ஷேவ் செய்த பிறகு ஆண்கள் கன்னத்தில் தடவிக்கொள்கிற லோஷன் வாடை.

காருக்குப் பக்கத்தில் இரண்டு பெட்டிகளோடு நின்றிருந்தாள் ஜெகதீஸ்வரி. நாற்பது வயதிருக்கும். கழுத்து வெறுமையாக இருந்தது.

"ஈப்போவில என் தங்கச்சி குமுதா இருக்கா. கிளினிக் ஒண்ணுல எனக்கு வேலையும் பார்த்துட்டா. வீட்டுச் சாவியை இன்னைக்குத் திருப்பிக் கொடுத்துடணும். இந்தக் கார் மட்டும் கிளம்பிட்டாப் போதும் தம்பி. நான் போயிடுவேன்."

'போயிடுவேன்' என்ற சொல்லை மட்டும் அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

யுகேந்திரன் கியரை இழுத்துப் பார்த்தான். அசையவில்லை. ஆட்டோ காரில் பிரேக்கை மிதித்தால்தான் 'பி'யின் பூட்டு விடும். மிதித்த சேதி பிரேக் லைட்டின் சுவிட்ச் வழியாகத்தான் அந்தப் பூட்டுக்குப் போகிறது. பின்னால் லைட் எரியவில்லை என்றால் சுவிட்ச் அவுட். பெரும்பாலும் கோளாறு இதுதான்.

"உள்ளே உக்காந்து, நான் சொல்றப்போ பிரேக்கை மிதிங்க அக்கா. பின்னாடி லைட்டைப் பார்க்கிறேன்."

பதிலுக்குக் காத்திருக்காமல் அவன் காரின் பின்னால் போய்க் குந்தினான். கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. கறுப்புக் கண்ணாடி வழியே உள்ளே எதுவும் தெரியவில்லை.

"மிதிங்க!"

சிவப்பு.

"விடுங்க!"

இருட்டு.

"மிதிங்க!"

மறுபடி சிவப்பு. பளிச்சென்று, இரண்டு பக்கமும்.

"லைட் நல்லாத்தானே இருக்கு," என்று முனகினான். "சரி, இறங்கிடுங்க அக்கா."

'டிங்' என்று லிஃப்ட் திறந்தது.

அதிலிருந்து ஜெகதீஸ்வரி வெளியே வந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் பை.

"யாரை இறங்கச் சொல்றீங்க தம்பி? மாத்திரையை விட்டுட்டேன்னு மேல போயிட்டு வர்றேன்."

பிரேக் லைட் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மெதுவாக, மிக மெதுவாக, அது அணைந்தது.

அவன் ஓடிப்போய்க் கதவைத் திறந்தான். உள்ளே யாரும் இல்லை. லோஷன் வாடை மட்டும் முகத்தில் அறைந்தது.

"உங்களுக்கும் காட்டிட்டாரா?" என்றாள் அவள், கிசுகிசுப்பாக.

"யாரு அக்கா?"

"என் வீட்டுக்காரர். கோகுலன்." அவள் தூணைப் பார்த்தபடி பேசினாள். "கல்யாணமான நாள்லேருந்து என்னைத் தனியா எங்கேயும் விட்டதில்லை. பசாருக்குப் போனாலும் பின்னாடியே வருவார். ஊர்ல எல்லாரும், 'ஆகா, என்னா பாசம்'னு சொல்வாங்க. எனக்குத்தான் தெரியும் அது என்னன்னு. போன மாசம், போதும்னு பெட்டியைக் கட்டிட்டேன். குமுதா வீட்டுக்குப் போறேன்னேன். 'தனியா விடமாட்டேன், நானும் வர்றேன்'னு எனக்கு முன்னாடி இறங்கி வந்தார். கார் 'என்'ல கிடந்துச்சு. பின்னாடி நின்னு தள்ளியிருக்கார். அது திரும்பி உருண்டு..."



தூணில் புதிதாக வெள்ளை அடித்திருந்தார்கள். இடுப்பு உயரத்துக்கு மட்டும்.

அப்போதே அவன் கிளம்பியிருக்கலாம். ஆனால் அந்தப் பெட்டிகளையும் அவள் நின்ற நிலையையும் பார்க்க அவனுக்கு மனசு கேட்கவில்லை. சுவிட்ச் நல்லா இருந்தும் கியர் வரவில்லை என்றால் கைவசம் இன்னொரு வழி உண்டு. கியர் பக்கத்தில் சின்னதாக ஒரு மூடி இருக்கும். அதைப் பெயர்த்து, ஸ்க்ரூ டிரைவரை உள்ளே அழுத்திப் பிடித்தால் பூட்டு திறந்துவிடும்.

அழுத்தினான். கியர் தலையைப் பற்றி இழுத்தான்.

அவன் உள்ளங்கைக்குக் கீழே ஏதோ இருந்தது. பனிக்கட்டிபோல் குளிர்ந்த, எலும்பு புடைத்த ஏதோ ஒன்று. அவன் கைக்கும் கியருக்கும் நடுவில்.

பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே இழுப்பு!

'டொக்'. கியர் 'என்'னுக்கு வந்துவிட்டது.

"வந்துடுச்சுக்கா!"

அந்தச் சந்தோஷத்தில்தான் அவன் தப்பு செய்தான். ஆயிரம் அடுக்குமாடிகளில் ஆயிரம் கார்களைத் தள்ளிய பழக்கம். கை தானாக ஹேண்ட்பிரேக்கை இறக்கியது. கால் தானாகக் காரின் பின்னால் போனது. தூணுக்கு முதுகைக் காட்டி நின்று, டிக்கியில் இரண்டு கையையும் வைத்துத் தள்ளினான்.

கார் முன்னால் போகவில்லை.

முன்பக்கம் நின்று யாரோ அவனைத் திருப்பித் தள்ளுகிறார்கள்.

ஒரு விரற்கடை. இன்னொரு விரற்கடை. அவன் முதுகு தூணில் முட்டியது. பம்பர் தொடையில் வந்து பதிந்தது.

"அக்கா! மிதிங்க! உள்ளே போய் மிதிங்க!"

ஜெகதீஸ்வரி கதவைப் பிடித்து இழுத்தாள். திறக்கவில்லை. சற்று முன்பு திறந்த கதவு.

எலும்பு நெறிகிற வலி. தூணின் புது வெள்ளை அவன் சட்டையில் உதிர்ந்தது. கத்த வாயைத் திறந்தான். மூச்சு வரவில்லை.

அவள் கதவை விட்டாள். கறுப்புக் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து, காதோடு பேசுவதுபோல் குனிந்தாள்.

"நான் போகலைங்க."

கார் அசைவதை நிறுத்தியது.

"உங்களை விட்டுட்டு எங்கேயும் போகல. சத்தியமா போகல. அந்தத் தம்பியை விட்டுடுங்க."

சிவப்பு. அவன் முகமும் மார்பும் தூணும் சிவந்தன. பிறகு ஆளில்லாத அந்தக் கார் மெல்ல முன்னால் நகர்ந்து, அவனுக்கு வெளியே வர வழி விட்டது. உள்ளே 'டொக்'கென்று ஒரு சத்தம்.

கியர் மறுபடி 'பி'க்குப் போய்விட்டது.

யுகேந்திரன் தவழ்ந்துதான் வெளியே வந்தான். ஜெகதீஸ்வரி பெட்டிகளை லிஃப்ட் பக்கம் இழுக்கத் தொடங்கியிருந்தாள். முகத்தில் அழுகைகூட இல்லை. அதுதான் அவனால் தாங்க முடியாததாக இருந்தது.

நொண்டிக்கொண்டே போய்ப் பெட்டியைப் பிடித்தான். "கார்தான்க்கா மாட்டிக்கிட்டு நிக்குது, நீங்க இல்லை. அது அங்கேயே கிடந்து துருப்பிடிக்கட்டும். ஈப்போவுக்குப் பஸ் ஓடுதுலா. என் வேன்ல ஏறுங்க."

"சத்தியம் பண்ணிட்டேனே தம்பி..."

"என் உயிருக்காகப் பண்ணினீங்க. அந்தப் பாவம் என் கணக்குல போகட்டும். ஏறுங்க!"

அவள் காரைத் திரும்பிப் பார்த்தாள். அது இருண்டு, அசையாமல் நின்றது. ஏறிவிட்டாள்.

வீட்டுச் சாவியை அலாவுதீன் வாங்கிக்கொண்டார். "நல்லா இருங்க தங்கச்சி," என்றார். ஏனோ வேனுக்குள் ஒரு முறை குனிந்து பார்த்துவிட்டு, பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

சுங்கை நிபோங் பஸ் நிலையம் போய்ச் சேர்வதற்குள் மழை விட்டு வெயில் அடித்தது. கூட்டம், டீ வாசனை, தமிழிலும் மலாயிலும் அதட்டல்கள். ஜெகதீஸ்வரி வழியிலேயே ஒரு முறை சிரித்தும்விட்டாள்.

"பதினேழு வருசம் தம்பி. இப்பதான் முதல் தடவையா தனியா பஸ் ஏறப் போறேன்."

"போனதும் போன் பண்ணுங்கக்கா."

பஸ்ஸில் ஆளே இல்லை. நாலைந்து தலைகள்தான். அவள் நடுவில் ஜன்னலோர இடமாகப் பார்த்து உட்கார்ந்து, அவனைப் பார்த்துத் தலையசைத்தாள். பக்கத்து சீட் காலி. பின்சீட்டும் காலி.

பஸ் ரிவர்ஸ் எடுத்துத் திரும்பியது. யுகேந்திரன் நெஞ்சு லேசாகி, கையை உயர்த்தினான்.

அப்போதுதான் கவனித்தான்.

அவ்வளவு இடம் கிடந்தும் அவள் ஜன்னலோடு ஒட்டி, தோளைக் குறுக்கி, பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பருமனான ஓர் ஆள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டால் ஒதுங்குவார்களே, அதுபோல. அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ் அவனைத் தாண்டியபோது, அவனுக்கு டாட்டா காட்ட அவள் வலது கையைத் தூக்கினாள்.

கை பாதி உயரத்தில் நின்றது.

மணிக்கட்டில் விரல்கள் பதிந்ததுபோல் தோல் அமுங்க, அந்தக் கை மெதுவாகக் கீழே இறங்கி, காலி சீட்டின் பக்கமாகப் போய் அமர்ந்தது.