மூன்று இழுப்பு

வாளி தண்ணீரைத் தொட்ட சத்தம் கேட்டது. அதற்கப்புறமும் கயிறு இறங்கிக்கொண்டே இருந்தது.

ஆதிநாராயணனுக்கு விளங்கவில்லை. ஆரம்பாக்கத்தில் அவன் வீட்டுக் கிணறு ஒன்றும் பாதாளமில்லை. பங்குனி வெயிலில்கூட எட்டிப் பார்த்தால் தண்ணீரில் முகம் தெரியும். கயிற்றை இறுக்கிப் பிடித்து நிறுத்தினான். உள்ளங்கை நறநறத்தது. விரித்துப் பார்த்தால், கரித்தூள்.

கழனியிலிருந்து திரும்பிய சாயங்காலம், வெளிச்சம் இன்னும் போகவில்லை. கும்மிடிப்பூண்டிக்குப் போகும் ரயில் ஊதி ஓய்ந்திருந்தது. உள்ளே மனைவி பூவம்மாள் குழம்பு தாளிக்கிற வாசனை கொல்லை வரைக்கும் வந்தது, அதற்கு அடியில் கிணற்றிலிருந்து வேறொரு வாடையும் மெல்ல ஏறி வந்தது, ஈரப்பாறையும் வெந்த கரியும் பல பேருடைய வியர்வையும் கலந்து, அவன் மறக்கப் பார்த்து மறக்க முடியாமல் போன வாடை.

வடக்கே ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் அவன் கூண்டு ஓட்டியவன். ஆட்கள் ஏறிய கூண்டை இரும்புக் கயிற்றில் இறக்குவதும் தூக்குவதும்தான் வேலை. கீழே கம்பியை இழுத்தால் மேலே அவன் காதோரம் மணி அடிக்கும். ஒன்று என்றால் நிறுத்து. இரண்டு என்றால் இறக்கு. மூன்று என்றால் ஆட்கள் ஏறியாயிற்று, தூக்கு. ஊரில் வெட்டியாகச் சுற்றிய மச்சான் சடையப்பனை, பூவம்மாளின் ஒரே தம்பியை, அங்கே கூட்டிப்போய்ச் சேர்த்துவிட்டவனும் அவன்தான்.

போன தை மாதம் சுரங்கம் உள்ளே வெடித்துத் தீப்பிடித்தது. சடையப்பன் அப்போது கீழே இருந்தான். மறுநாள், சுரங்க வாயை அடைத்தால்தான் தீ அடங்கும் என்று முடிவான பிறகு, மணி அடித்தது. மூன்று தரம். சூட்டில் கம்பி முறுக்கிக்கொள்கிறது, கையை எடு என்றார் மேனேஜர். அது கம்பியில்லை, மனிதக் கை என்று ஆதிநாராயணனுக்குத் தெரியும். இருந்தும் லீவரிலிருந்து கையை எடுத்தான். வாய் திறக்கத் துப்பில்லை. பலகை அடித்து மண்ணைக் கொட்டி மூடும் வரையில் மணி மூன்று மூன்றாக அடித்துக்கொண்டே இருந்தது.

"ஒரே நொடிதான் பூவு. அவனுக்கு இன்னா நடந்திச்சின்னே தெரிஞ்சிருக்காது." ஊர் திரும்பி அவளிடம் சொன்னது இதுதான். அதைக் கேட்ட பிறகுதான் அவள் மறுபடி சோற்றில் கை வைத்தாள்.

கையில் கயிறு வெடுக்கென்று இழுபட்டது.

ஒன்று. இரண்டு. மூன்று.

"இன்னாங்க, தண்ணி சேந்தப் போயி இம்மா நேரமா?"

"வர்றேன். நீ அங்கியே இரு."

மறுபடி மூன்று. அவசரமில்லாத இழுப்பு. இவ்வளவு நாள் காத்திருந்தவர்களுக்கு என்ன அவசரம்? கயிற்றை விட்டுவிடலாம். அன்றைக்கு விட்டானே, அந்த மாதிரி. இந்தத் தடவை மனசு வரவில்லை.

இழுத்தான். ராட்டினம் முனகியது. ஒரு வாளித் தண்ணீருக்கு இந்தக் கனம் ஏது? காலைக் கிணற்றுச் சுவரில் முட்டுக்கொடுத்தான்.

பூவம்மாள் கரண்டியோடு ஓடி வந்தாள். அதைக் கீழே போட்டுவிட்டு அவளும் கயிற்றைப் பிடித்தாள். பிடித்த கையோடு நின்றுவிட்டாள்.

"கீழேர்ந்து யாரோ இழுக்கறாங்க. மூணு மூணா."

அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "ஆளுங்க ஏறிக்கினாங்கன்னு அர்த்தம், பூவு. அன்னிக்கும் அடிச்சிது. உசுரோட இருந்தாங்க. நான் தூக்கல."

அவள் அவனைப் பார்க்கவில்லை.

"இழு."

இழுத்தார்கள். வாடை முகத்தில் அறைந்தது. கீழே இருமல். ஒருவர் இருமல் இல்லை.

கிணற்று விளிம்பில் ஒரு கை வந்து பற்றியது. கருகிய கை. மணிக்கட்டில், சுரங்க வேலைக்குப் புறப்பட்ட அன்று அக்காள் கட்டிவிட்ட கறுப்புக் கயிறு.

"தம்பீ!" பூவம்மாள் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தாள். அது அவள் கையைப் பிடித்தது.

கயிறு அசைந்தது.

ஒன்று.

இரண்டு.

மூன்றாவதற்குக் காத்திருந்தான் ஆதிநாராயணன். வரவில்லை.

விளிம்பில் கவிழ்ந்திருந்த பூவம்மாளின் பாதங்கள் மெல்லத் தரையை விட்டு எழும்பின.